பழைய சிறு கார் வாங்குமுன் அளக்க வேண்டியவை

நெய்த சேலைகளைச் சங்கத்தில் ஒப்படைத்து, நூலும் பட்டும் பெற்றுத் திரும்புவது நெசவாளரின் வழக்கமான பயணம். விதை, மருந்து, தெளிப்பான் ஆகியவற்றை வாங்கி வருவதும், நான்கைந்து கூடைக் காயைச் சந்தையில் சேர்ப்பதும் சிறு தோட்டக்காரரின் பயணம். இவற்றோடு முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், பிள்ளைகளைப் பள்ளி விடுதியிலிருந்து அழைத்து வருவதும் எல்லாக் குடும்பங்களுக்கும் உண்டு. இத்தனைக்கும் ஒரே வண்டி வேண்டும் என்று கருதும் அங்கத்தினர்கள், பின்புறம் முழுக் கதவு மேலே திறக்கும் சிறு காரைப் பழையதாக வாங்க நினைக்கிறார்கள். எண்ணம் நல்லதே. ஆனால் வாங்கும் முறையில் தவறு நேர்ந்தால் பல ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் முடங்கிவிடும்.

இதை எழுதுபவன் அத்தவற்றைச் செய்தவன். எங்கள் வீட்டில் தறியும் உண்டு, தோட்டமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய காரை அதன் வண்ணப் பூச்சும் புதிய இருக்கை உறையும் கண்டு, அரை மணி நேரத்தில் விலை பேசி முன்பணம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கள் தக்காளிக் கூடை அதன் பின்வாசலில் நேராக நுழையாது என்பது தெரிந்தது. உள்ளே இடம் இருந்தது, வாசல்தான் குறுகல். கூடையைச் சாய்த்தால் பழம் கொட்டும். அதனினும் பெரிய துன்பம் பின்னர் வந்தது. முன்னாள் உரிமையாளர் வாங்கியிருந்த கடனின் குறிப்பு ஆர்.சி. புத்தகத்தில் நீக்கப்படாமல் இருந்தது. அதை நீக்கி என் பெயருக்கு மாற்ற எட்டு மாதங்கள் ஆயின. அந்த எட்டு மாதமும் வண்டியை வெளியே எடுக்கும்போதெல்லாம் என் நெஞ்சம் அமைதியாக இருந்ததில்லை.

அந்த அனுபவத்திலிருந்து கற்றதை இங்கே பாடமாகத் தருகிறேன். அதன் சாரம் மிகச் சுருக்கமானது: வண்டியின் பளபளப்பைப் பார்க்குமுன் அதன் இடத்தை அளக்க வேண்டும், அதன் விலையைப் பேசுமுன் அதன் ஏடுகளைப் படிக்க வேண்டும்.

1. தேவையை முதலில் எழுதுக

வண்டியைத் தேடிப் புறப்படுமுன் வீட்டில் அமர்ந்து மூன்று செய்திகளைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, நாம் ஏற்றப்போகும் பொருள்களுள் மிக நீளமானது எது, மிக அகலமானது எது, மிக உயரமானது எது என்பது. நெசவாளருக்குப் பாவு சுற்றிய உருளையோ படைமரமோ மிக நீளமாக இருக்கலாம். தோட்டக்காரருக்குப் பிளாஸ்டிக் கூடையோ தெளிப்பானோ மிக அகலமாக இருக்கலாம். அவற்றை நாடாவால் அளந்து சென்டிமீட்டரில் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு பயணத்தில் எத்தனை கிலோ எடை ஏறும், உடன் எத்தனை பேர் செல்வர் என்பது.

மூன்றாவது, மாதத்தில் எத்தனை பயணங்கள், ஒவ்வொன்றும் எத்தனை கிலோமீட்டர் என்பது.

இத்தாள் கையில் இல்லாமல் வண்டி பார்க்கச் செல்பவர், விற்பவர் காட்டுவதையே பார்த்துத் திரும்புவார். தாளோடு செல்பவர் தமக்கு வேண்டியதைப் பார்ப்பார்.

2. ஒரே பெயர், இரு வேறு வண்டிகள்

நம் நாட்டில் இவ்வகைக் கார்களுள் நன்கு அறிமுகமானது மாருதி நிறுவனத்தின் வேகன் ஆர். ஜப்பானில் சுசூகி நிறுவனம் இதனை 1993-இல் வெளியிட்டது. இந்தியாவில் 1999-இல் விற்பனைக்கு வந்தது. உயரமான கூரை, நிமிர்ந்த இருக்கை, நேராக இறங்கும் பின்புறம் ஆகியவை இதன் தோற்றம். உதிரிப் பாகங்கள் சிற்றூர்களிலும் கிடைப்பதாலும், பழுது பார்க்கத் தெரிந்தோர் பலர் இருப்பதாலும் பழைய வண்டிச் சந்தையில் இதற்கு எப்போதும் தேவை உண்டு. ஆகவே இதனையே நம் பாடத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இங்கே முதலில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. 2010-இல் வெளிவந்த வேகன் ஆர் வண்டியின் டிக்கி இடம் 180 லிட்டர். 2019 ஜனவரியில் வெளிவந்த புதிய அமைப்பின் டிக்கி இடம் 341 லிட்டர். பெயர் ஒன்றே, இடமோ ஏறத்தாழ இரு மடங்கு வேறுபாடு. "வேகன் ஆர் வண்டி, டிக்கி பெரியது" என்று ஒருவர் சொன்னால், எந்த ஆண்டு அமைப்பு என்று கேளாமல் அச்சொல்லுக்குப் பொருளே இல்லை. 2018-ஆம் ஆண்டு வண்டிக்கும் 2019-ஆம் ஆண்டு வண்டிக்கும் விலையில் சிறு வேறுபாடே இருக்கக்கூடும். நமக்குக் கிடைக்கும் இடத்தில் பெரு வேறுபாடு உண்டு.

மேலும், சி.என்.ஜி. வாயுவில் ஓடும் வண்டிகளில் வாயு உருளை டிக்கிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். எரிபொருள் செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் எந்த இடத்துக்காக இவ்வண்டியைத் தேடினோமோ அந்த இடத்தின் பெரும்பகுதியை உருளை எடுத்துக்கொள்ளும். பின் இருக்கையை மடித்தாலும் உருளை குறுக்கே நிற்கும். நூல் கட்டும் கூடையும் ஏற்ற வேண்டியவர் இவ்வகை வண்டியை வாங்குமுன் இருமுறை சிந்திப்பது நலம்.

பின் இருக்கை மடங்கும் விதத்திலும் வேறுபாடு உண்டு. மேல்நிலை வகைகளில் அது 60-க்கு 40 என்ற அளவில் இரு பகுதிகளாக மடங்கும். அப்போது ஒரு பக்கம் ஒருவர் அமர, மறு பக்கம் நீளமான பொருளை வைக்கலாம். ஒரே துண்டாக மடங்கும் இருக்கையானால் பொருளா ஆளா என்று ஒன்றையே தேர்ந்தெடுக்க நேரும். விற்பவரிடம் கேட்டு விடாமல், நம் கையாலேயே மடித்துப் பார்க்க வேண்டும்.

3. லிட்டர்க் கணக்கும் கூடைக் கணக்கும்

டிக்கி அளவை லிட்டரில் சொல்வது நிறுவனங்களின் வழக்கம். ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர். எனவே 180 லிட்டர் என்பது ஆறரைக் கன அடிக்குச் சற்றுக் குறைவு. 341 லிட்டர் என்பது பன்னிரண்டு கன அடி.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். நம் காய்க் கூடையின் வெளி நீளம் 54, அகலம் 36, உயரம் 29 சென்டிமீட்டர் என்று கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 56,376 கன சென்டிமீட்டர், அதாவது சுமார் 56 லிட்டர். 341-ஐ 56-ஆல் வகுத்தால் ஆறு வருகிறது. ஆகவே ஆறு கூடைகள் டிக்கியில் நுழையும் என்று எண்ணுபவர் ஏமாறுவார். இருபுறமும் சக்கரத்தின் மேடுகள் உள்ளே துருத்தி நிற்கும். பின்கண்ணாடி மேலே செல்லச் செல்ல உள்ளே சாயும். கூடை விறைப்பானது, இடத்துக்கேற்ப வளைந்து கொடுக்காது. துணி மூட்டையும் நூல் கட்டும் வளைந்து கொடுத்து மூலைகளையும் நிரப்பும். ஆகையால் ஒரே டிக்கி நெசவாளருக்குப் பெரிதாகவும் தோட்டக்காரருக்குச் சிறிதாகவும் இருப்பதில் வியப்பில்லை.

எனவே நாடாவால் அளக்க வேண்டியவை ஐந்து: பின்வாசலின் மிகக் குறுகிய அகலம், வாசலின் உயரம், இரு சக்கர மேடுகளுக்கு இடைப்பட்ட தரையின் அகலம், இருக்கையை மடித்த நிலையில் பின்கதவிலிருந்து முன் இருக்கையின் முதுகு வரை உள்ள நீளம், தரையிலிருந்து வாசற்படிக்கு உள்ள உயரம். கடைசி அளவை எவரும் பொருட்படுத்துவதில்லை. இருபத்தைந்து கிலோக் கூடையை நாள்தோறும் தூக்குபவரின் இடுப்பு அதனைப் பொருட்படுத்தும்.

இருக்கையை மடித்த பின் தரை ஒரே மட்டமாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் மடித்த முதுகுப்பகுதி டிக்கித் தரையைவிட உயரமாக நின்று ஒரு படி உண்டாகும். நீண்ட உருளை அப்படியின் மேல் சாய்ந்து கிடக்கும். பிரேக் பிடிக்கும்போது நகரும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு எளிய முறை உண்டு. வண்டி பார்க்கச் செல்லும்போது நம் கூடையில் ஒன்றையும், பாவு உருளையின் நீளத்துக்கு வெட்டிய ஒரு மூங்கிலையும் எடுத்துச் செல்லலாம். என் தவற்றுக்குப் பின் நான் கண்ட பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, பெண்ணுக்கு வளையல் வாங்கப் போனால் கை அளவு கொண்டுபோகிறீர்கள். வண்டி வாங்கப் போனபோது கூடையைக் கொண்டுபோனீர்களா?" நான் விடை சொல்லவில்லை.

4. இடம் வேறு, எடை வேறு

இடம் இருக்கிறது என்பதற்காக எதையும் நிரப்பிவிட முடியாது. ஒவ்வொரு வண்டிக்கும் அது தாங்கக்கூடிய மொத்த எடை வரையறுக்கப்பட்டுள்ளது. வெற்று வண்டியின் எடை பதிவுச் சான்றில் காணப்படும். சுமையும் ஆட்களும் சேர்ந்த மொத்த எடையின் வரம்பு நிறுவனத்தின் கையேட்டில் இருக்கும். இரண்டின் வேறுபாடே நாம் ஏற்றக்கூடியது. அதில் ஓட்டுபவரின் எடையும் அடங்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வண்டியின் வெற்று எடை 830 கிலோ, மொத்த வரம்பு 1,340 கிலோ என்று கொள்வோம். வேறுபாடு 510 கிலோ. ஆள் ஒருவருக்கு 65 கிலோ வீதம் நால்வர் ஏறினால் 260 கிலோ போகும். மீதி 250 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஐந்து ஏற்றியவுடனேயே வரம்பு நெருங்கிவிடும். ஆனால் டிக்கியிலோ இன்னும் இடம் காலியாக இருப்பதுபோல் தோன்றும். நூல் ஏற்றும்போது இடம் முதலில் தீரும். உரம் ஏற்றும்போது எடை முதலில் தீரும். இந்த ஒரு வரியை மனத்தில் கொண்டால் பின் ஸ்பிரிங் முறிவதைத் தவிர்க்கலாம்.

உரமும் பட்டும் ஒரே தரையில் பயணம் செய்யக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நன்று. சிந்திய உரம் ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் சேலையில் கறையாகும். தடித்த தார்ப்பாய் ஒன்றை உரத்துக்கெனவும், வெள்ளைத் துணி விரிப்பு ஒன்றைச் சேலைக்கெனவும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

5. வண்டியைப் பார்க்கும் முறை

காலை வெளிச்சத்தில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். முன்னதாகவே ஓட்டிச் சூடேற்றி வைத்த வண்டி தன் குறையை மறைக்கும்.

நம் தேவைக்குரிய சோதனை பின்புறத்தில் தொடங்குகிறது. சமதரையில் நிறுத்தித் தொலைவிலிருந்து பக்கவாட்டில் நோக்கினால், பின்புறம் தாழ்ந்திருப்பது தெரியும். அது மிகைச்சுமை ஏற்றி ஓட்டிய வண்டியின் அடையாளம். பின்கதவைத் திறந்து விட்டுவிட்டால் அது தானே மேலே நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் தாங்குகோல்கள் தளர்ந்துவிட்டன. டிக்கியின் விரிப்பைத் தூக்கி, அடியில் துரு உள்ளதா, வெல்டிங் செய்த தடம் உள்ளதா என்று நோக்க வேண்டும். பின்னால் மோதப்பட்ட வண்டிக்கு அங்கேதான் தழும்பு இருக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளம் வந்தது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களும் மூழ்கின. நீரில் நின்ற வண்டிகளைக் கழுவித் துடைத்து வேறு ஊர்ச் சந்தைக்குக் கொண்டுவருவது எளிது. இருக்கைப் பட்டியை முடிந்தவரை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியக்கூடும். இருக்கைக்கு அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு, விரிப்பின் கீழ் மெல்லிய மணல், மூடிய வண்டியைத் திறந்தவுடன் எழும் ஈர வாடை ஆகியவை பிற அடையாளங்கள். இத்தகைய வண்டியின் மின்கம்பிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகும். எவ்வளவு மலிவாயினும் அதனை விட்டு விலகுவதே அறிவுடைமை.

ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணை மட்டும் நம்புதல் கூடாது. அதனை மாற்ற வல்லோர் உண்டு. சர்வீஸ் ரசீதுகளில் எழுதியுள்ள கிலோமீட்டரோடு ஒப்பிட வேண்டும். முப்பதாயிரம் கிலோமீட்டரே ஓடியது என்று காட்டும் வண்டியில் கிளட்ச் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால், இரண்டில் ஒன்று பொய்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3519 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பட்டை ஆழமாகத் தோன்றினாலும் முதிர்ந்த டயர் வெயிலில் வெடிப்பு விட்டிருக்கும். ஸ்டெப்னி டயரையும் மறவாது பார்க்க வேண்டும்.

பாதுகாப்புக்கும் ஆண்டுக் கணக்கு உதவும். ஓட்டுபவருக்கான காற்றுப்பை 2019 ஜூலை முதல் கட்டாயமாயிற்று. முன் இருக்கையில் அருகே அமர்பவருக்கும் காற்றுப்பை வேண்டும் என்ற விதி, ஏற்கெனவே விற்பனையில் இருந்த கார் வகைகளுக்கு 2021 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. வேகன் ஆர் பற்றிய ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் இவ்வண்டி 2019-இல் இரண்டு நட்சத்திரமும், 2023-இல் கடுமையாக்கப்பட்ட விதிகளின் கீழ் ஒரே நட்சத்திரமும் பெற்றது. நெடுஞ்சாலையில் வேகமாக நெடுந்தூரம் செல்வோர் இதனை எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இறுதியாக, நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை, விற்பவரோடு தொடர்பில்லாதவரை, கூலி கொடுத்து அழைத்துச் செல்ல வேண்டும். ஒருநாள் கூலி கொடுக்கத் தயங்குபவர் பின்னர் கிளட்சுக்கும் கியர்ப் பெட்டிக்கும் கொடுப்பார்.

6. ஏடுகளைப் படித்தல்

வண்டி நம் வீட்டு வாசலில் நிற்பதனாலோ, பணம் கொடுத்த ரசீது நம்மிடம் இருப்பதனாலோ சட்டத்தின் கண்ணில் அது நம்முடையது ஆகிவிடாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, எவர் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். 2018-இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. ஒரு வண்டி பலர் கைமாறியிருந்தது. பதிவோ முதல் உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு அப்பதிவுப் பெயர் உடையவருக்கே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே பெயர் மாற்றம் வாங்குபவரைப் போலவே விற்பவருக்கும் அவசியமானது. நம் பழைய வண்டியை விற்கும்போதும் இது நினைவில் இருக்கட்டும்.

பார்க்க வேண்டிய முறை இது. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும். கடன் அடமானக் குறிப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைக் கடிதமும் கையொப்பமிட்ட படிவம் 35-உம் விற்பவர் கையில் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். "கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது, கடிதம் வந்துவிடும்" என்ற சொல்லை நம்பியே நான் எட்டு மாதம் அலைந்தேன். விற்றவர் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்த பின் அக்கடிதத்தைப் பெற நான் செய்த பயணங்களின் செலவு, பேரத்தில் நான் குறைத்த தொகையைக் காட்டிலும் மிகுதி.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 ஆகிய இரண்டும் தேவை. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிற மாநில வண்டியானால் அங்குள்ள அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும், நம் மாநிலத்து வரியும் சேரும். மலிவாகத் தோன்றும் வெளிமாநில வண்டி பெரும்பாலும் அந்த வரியைக் கூட்டிய பின் மலிவாக இராது. நிலுவையிலுள்ள அபராதச் சலான்களைப் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண் கொண்டு அறியலாம்.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் சோதனைக்கு உட்படுத்தி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பதின்மூன்று வயதான வண்டியை வாங்குபவர், இரண்டாண்டில் வரப்போகும் இச்செலவையும் விலையில் சேர்த்து எண்ண வேண்டும்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு சொல். வண்டி கைமாறியதும் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் பாலிசியை நம் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், நம் வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்கு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். விற்றவர் கோரிக்கை இல்லாமல் சேர்த்து வைத்த தள்ளுபடிச் சலுகை அவருக்கே உரியது. அது வண்டியோடு நமக்கு வாராது.

7. வாடகையும் கூட்டும்

வெள்ளை எண் பலகை கொண்ட கார் சொந்த உபயோகத்துக்கு உரியது. அண்டை வீட்டாரின் காயையோ சேலையையோ கூலிக்கு ஏற்றுவது சட்டத்துக்கு மாறானது. அப்போது விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிடும். சரக்கு ஏற்றப் பயன்படும்போது எவ்வகை வண்டியும் சரக்கு வாகனமாகக் கொள்ளப்படலாம் என்று சட்டத்தின் விளக்கப் பிரிவு கூறுகிறது. ஆகவே நாள்தோறும் வியாபாரச் சுமையே ஏற்ற வேண்டியவர் சரக்கு வாகனமாகப் பதிவான சிறு வண்டியை நாடுவதே முறை. குடும்பத்துக்கு முதலாவதாகவும், தம் கைப்பொருளுக்கு இரண்டாவதாகவும் வேண்டுபவருக்கே இப்பாடத்தின் கார் பொருந்தும்.

கூட்டுறவு உணர்வு உடைய நமக்கு, ஐவர் சேர்ந்து ஒரு வண்டி வாங்கினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. பலர் சேர்ந்து வாங்கினாலும் அவர்களுள் ஒருவரே எல்லோர் சார்பிலும் விண்ணப்பிக்க வேண்டும். அவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்பது 41-ஆம் பிரிவின் விதி. ஆகவே பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்தவர், பொறுப்பு முழுவதையும் சுமக்க நேரலாம். அவ்வாறு வாங்குவோர், யார் பெயரில் பதிவு, விபத்து நேர்ந்தால் செலவை எவ்வாறு பகிர்வது, ஒருவர் விலகினால் பங்கை எவ்வாறு தீர்ப்பது என்பவற்றை முதலிலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். நட்பு கெடாமலிருக்க எழுத்து நல்ல வேலி.

8. வாங்கலாமா என்பதற்கு ஒரு கணக்கு

விலை மட்டுமே செலவு அன்று. கையில் மூன்று இலட்சம் ரூபாய் இருந்தால், வண்டிக்கு இரண்டரை இலட்சத்தை ஒட்டிய தொகையே ஒதுக்க வேண்டும். எஞ்சியது பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், டயர், பேட்டரி, முதல் சர்வீஸ் ஆகியவற்றுக்கு உரியது.

இனி மாதக் கணக்கைப் பார்ப்போம். கீழ்வரும் தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. அங்கத்தினர் தத்தம் ஊர் விலையை இட்டுக்கொள்ளலாம்.

வாடகை வண்டிக்கு ஒரு பயணத்துக்கு 800 ரூபாய் என்று கொள்வோம். சொந்தக் காரில் அதே பயணம், போக வர 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் 4 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் வீதம் 400 ரூபாய். ஆகவே பயணம் ஒன்றுக்கு மிச்சம் 400 ரூபாய்.

இனி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் செலவு. இன்ஷூரன்சும் பராமரிப்பும் ஆண்டுக்கு 30,000, அதாவது மாதம் 2,500. 2,55,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டியை ஐந்து ஆண்டு கழித்து 1,35,000-க்கு விற்றால் நட்டம் 1,20,000, அதாவது மாதம் 2,000. இரண்டும் சேர்ந்து 4,500. இதனை 400-ஆல் வகுத்தால் பதினொன்றேகால்.

மாதம் பன்னிரண்டு பயணங்களாவது செய்பவருக்கு வண்டி தன் செலவைத் தானே ஈட்டும். எட்டே பயணம் செய்பவருக்கு மாதம் 1,300 ரூபாய் கைநட்டம். கடன் வாங்கி வாங்கினால் வட்டியையும் இதில் கூட்ட வேண்டும். அப்போது பன்னிரண்டு என்பது மேலும் உயரும். நள்ளிரவில் தாயை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வசதியைக் கணக்கில் எழுத முடியாது என்பது மெய். அதற்காக மாதம் 1,300 கொடுக்க மனம் ஒப்பினால் வாங்கலாம். எவ்வளவு கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுப்பது வேறு. அறியாமல் இழப்பது வேறு.

9. சுமையை வைக்கும் முறை

வாங்கிய பின்னும் ஒரு கடமை உண்டு. கனமான பொருளைக் கீழேயும், பின் இருக்கையின் முதுகை ஒட்டி முன்னோக்கியும் வைக்க வேண்டும். இருக்கை முதுகின் உயரத்துக்கு மேல் அடுக்கக் கூடாது. கயிற்றாலோ வலையாலோ கட்ட வேண்டும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும்; கட்டாத சுமை நில்லாது. அது முன்னால் அமர்ந்திருப்பவரின் பிடரியைத் தேடி வரும். சுமை மிகும் நாளில் டயரின் காற்றழுத்தத்தை, கதவோரத்தில் ஒட்டியுள்ள அட்டவணைப்படி கூட்டிக்கொள்ள வேண்டும்.

முடிவாக, பழைய வண்டி வாங்குவது சூதாட்டம் அன்று. நாடாவும், கூடையும், தாளும் கொண்டு செல்பவருக்கு அது ஒரு சாதாரண கொள்முதலே. பாவின் இழையை எண்ணாமல் நெசவாளர் தறியில் அமர்வதில்லை. மண்ணைப் பாராமல் தோட்டக்காரர் விதைப்பதில்லை. அந்த நிதானத்தையே வண்டிச் சந்தைக்கும் கொண்டு செல்வோமாக.

படிப்பு வட்டத்துக்குரிய கேள்விகள்

1. உங்கள் வீட்டில் ஏற்ற வேண்டிய பொருள்களுள் மிக நீளமானது எது? அதன் அளவு என்ன?

2. 341 லிட்டர் டிக்கியில் 56 லிட்டர்க் கூடைகள் ஆறு நுழையாமற்போவது ஏன்?

3. நூலுக்கும் உரத்துக்கும் எந்த வரம்பு முதலில் குறுக்கிடும்?

4. படிவம் 35 எதற்கு உரியது? அது இல்லாமல் முன்பணம் கொடுத்தால் நேரும் இடர் யாது?

5. உங்கள் ஊர் வாடகையையும் பெட்ரோல் விலையையும் இட்டு எட்டாம் பகுதியின் கணக்கைப் போடுக. உங்களுக்கு மாதம் எத்தனை பயணங்கள் தேவை?